சூப்பு என்பதன் சட்டப்படியான பொருள்

ஆஸ்பத்திரிச் சமையற்கட்டுக்குள் ஆய்வாளர் நுழைந்தபோது சூப்பக்கா வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். தான் செய்வது நறுக்குவதுதானா என்று அன்றுவரை அவளுக்கு ஒரு நாளும் சந்தேகம் வந்ததில்லை.

அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அது பயன்படவில்லை. இருபத்திரண்டு வருடமாக, நூற்றுப்பத்துப் படுக்கைகளுக்கு, இரண்டு பெரிய அண்டாக்களில் சூப்பு காய்ச்சி ஊற்றுகிறவளை டாக்டரிலிருந்து துப்புரவுக்காரர்வரை எல்லாரும் சூப்பக்கா என்றே கூப்பிட்டார்கள். மருந்து இறங்காத தொண்டையிலும் அவள் சூப்பு இறங்கும் என்று ஆஸ்பத்திரியில் ஒரு பேச்சு இருந்தது. அவள் காதுபடச் சொன்னால், "போங்கப்பா, பசிச்சா எல்லாம் இறங்கும்" என்பாள்.

வந்தவர் சமையற்சொல் ஒழுங்குமுறை வாரியத்தின் ஆய்வாளர். ஒல்லியான மனிதர். கக்கத்தில் வாரியத்தின் சொல்வரையறைத் தொகுப்பு, ஆயிரத்து நானூற்று ஆறு பக்கம். அதைச் சுமந்து சுமந்து அவருடைய ஒரு தோள் நிரந்தரமாகவே இறங்கியிருந்தது.

"என்ன செய்றீங்க?" என்றார்.

"வெங்காயம் நறுக்கறேன் சார்."

"நறுக்கறீங்களா, அரியறீங்களா?"

அவள் கத்தியைப் பார்த்தாள். கத்திக்கும் தெரியவில்லை. "ரெண்டும் ஒண்ணுதானே சார்?"

வீட்டில் யாருக்கோ உடம்பு சரியில்லை என்று தந்தி வந்த மாதிரி ஆய்வாளரின் முகம் மாறியது. சட்டைப்பையிலிருந்து அளவுகோலை எடுத்து ஒரு துண்டை அளந்தார். "ஆறு மில்லிமீட்டர். அஞ்சுக்கு மேல போனா அது நறுக்கல் இல்லம்மா, துண்டாக்கல். மூணுக்குக் கீழ வந்தா கொத்தல். நாலு மில்லிமீட்டர் இன்னும் முடிவாகல. அதனால நாலுல யாரும் வெட்டக்கூடாதுன்னு சுற்றறிக்கை இருக்கு, பாக்கலையா?"

"பாக்கல சார்."

"பலகையில என்ன எழுதியிருக்கீங்க?"

"காய்கறி சூப்பு."

"சூப்புன்னா என்ன?"

இருபத்திரண்டு வருடத்தில் யாரும் கேட்காத கேள்வி. அவள் யோசித்துச் சொன்னாள். "கரண்டியால குடிக்கிறது."

"இருமல் மருந்தும் கரண்டியாலதான் குடிக்கிறாங்க."

"சூடா இருக்கும்."

"டீ?"

"உப்பு போட்டிருக்கும்."

"கடல் தண்ணி?"

சூப்பக்கா கத்தியைக் கீழே வைத்தாள். "குடிச்சுப் பாருங்க சார், தெரிஞ்சுடும்."

அரசாங்க அதிகாரிக்கு உணவு கொடுக்க முயன்றதை ஆய்வாளர் தனியாகக் குறித்துக்கொண்டார். அதன் கீழே, 'தயாரிக்கும் பொருளின் பொருள் தெரியாமல் தயாரிக்கிறார்' என்று எழுதினார். பிறகு அடுப்பின் நெற்றியில் ஒரு அறிவிப்பை ஒட்டினார். வாரியத்தின் சொல்லறிவுத் தேர்வில் தேறும்வரை இந்தச் சமையற்கட்டில் நெருப்பு சம்பந்தப்பட்ட எந்த வினைச்சொல்லும் நிகழக்கூடாது. தேர்வு எட்டு நாள் கழித்து. அதுவரை பொட்டலத்தில் வரும் ரொட்டி. ரொட்டிக்கு வரையறை இருந்தது.

முதல் நாள் ரொட்டியை எல்லாரும் தின்றார்கள். இரண்டாம் நாள் பாதிப் பொட்டலம் திரும்பி வந்தது. மூன்றாம் மாடியில் தொண்டையில் ஆபரேஷன் ஆன ஒரு தச்சர் இருந்தார். குரல் மெல்லத்தான் திரும்பும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் காதில் செருகிய பென்சிலால் துண்டுக் காகிதத்தில் எழுதித்தான் பேசுவார். முதல் நாள், 'சூப்பு எங்கே?' என்று எழுதினார். இரண்டாம் நாள், 'ரொட்டி ஆணி மாதிரி இறங்குகிறது' என்று எழுதினார். மூன்றாம் நாள் ஒன்றும் எழுதவில்லை. தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அக்கா, இப்படியே போனா அவருக்கு மூக்கு வழியா குழாய் போடணும்னு டாக்டர் சொல்றாரு," என்றாள் தலைமை நர்ஸ். "எப்படியாவது அந்தப் பரீட்சைய எழுதித் தொலைங்க."

அன்று சாயங்காலமே சூப்பக்கா வாரியத்தின் தொகுப்பில் ஒரு பிரதி வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அவள் புருஷன் டவுன் பஸ் ஓட்டுகிறவன். சாப்பாட்டு மேசையில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு, டிக்கெட் பரிசோதகர் தோரணையில் கேள்வி கேட்க ஆரம்பித்தான்.

"தாள் ரெண்டு. கட்டாயத் தாள். ஒயின் திராட்சை வகைகள்."

"நம்ம ஆஸ்பத்திரியில ஒயினா கொடுக்கறோம்?"

"வாரியத் தலைவர் ரெண்டு வருஷம் வெளிநாட்டுல திராட்சை பத்திப் படிச்சுட்டு வந்தவராம். முன்னுரையில போட்டிருக்கு. யாருகிட்டயாவது கேட்டுத்தானே ஆகணும் அவரு? சொல்லு, ரீஸ்லிங்."

"வெள்ளத் திராட்ச. குளிர் ஊர்ல விளையும். புளிப்பு தூக்கல். ஒயினாக்கி வருஷக்கணக்கா வச்சா பெட்ரோல் வாசம் வரும்."

புருஷன் புத்தகத்தை இன்னொரு முறை பார்த்தான். நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. "பெட்ரோல் வாசம் நல்லதா கெட்டதா?"

"உயர்ந்ததாம்."

"அப்ப என் காக்கிச் சட்டைய வாரியத்துக்கு அனுப்பி வைப்போமா? அது டீசல்தான். ரெண்டாவது பரிசாவது கிடைக்கும்." பக்கத்தைப் புரட்டினான். "பினோ நுவார்."

"கறுப்புத் திராட்ச. தோல் ரொம்ப மெல்லிசு. வெயில் கூடினாலும் ஆகாது, மழ கூடினாலும் ஆகாது. எந்நேரமும் பக்கத்துலயே நின்னு பாத்துக்கணும். அப்படியும் எப்ப என்ன செய்யும்னு சொல்ல முடியாது. உங்க தங்கச்சி மாதிரி."

கடைசி வரி புத்தகத்தில் இல்லை என்பதை அவன் கவனித்தான். ஆனாலும் மறுக்கவில்லை.

எட்டாம் நாள் காலை, சந்தையில் கேரட்டும் வெங்காயத்தாள் போலிருக்கும் லீக்ஸும் வெங்காயமும் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு அவள் வாரியத்துக்குப் போனாள். பாஸானால் நேராக ஆஸ்பத்திரிக்குப் போய் அண்டாவை ஏற்றிவிடலாம் என்பது கணக்கு.

வாரியம் ஆறு மாடிக் கட்டடம். கீழ்த்தளத்தில் கண்ணாடி போலத் துடைத்த ஒரு மாதிரிச் சமையலறை. அதைச் சுற்றிச் சிவப்புக் கயிறு. 'தொடாதீர்கள்' என்று பலகை. முதல் மாடியில் உப்புப் பிரிவு. கடலுப்புக்காரர்களும் பாறையுப்புக்காரர்களும் பதினோரு வருடமாகப் பேச்சுவார்த்தை இல்லாததால் நடுவே அலமாரிகளை வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். இரண்டாம் மாடி பழம். மூன்றாம் மாடி காய். இரண்டுக்கும் நடுவே படிக்கட்டு திரும்புகிற இடத்தில் ஒருவர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். ஏறுகிறவர்களுக்கும் இறங்குகிறவர்களுக்கும் மாறி மாறிக் காலை மடக்கி வழிவிட்டுக்கொண்டிருந்தார்.

"நீங்க என்ன பிரிவு ஐயா?" என்று கேட்டாள்.

"தக்காளி," என்றார் அவர், பெருமூச்சோடு. "பழமா காயான்னு முடிவாகறவரைக்கும் எனக்கு மாடி கிடையாது."

கட்டடம் முழுக்க பிஸ்கட் வாசம் அடித்தது. கேன்டீன் என்று ஒன்று இருந்ததாம். 'சாப்பாடு' என்ற சொல் மறுபரிசீலனைக்குப் போன நாளில் மூடிவிட்டார்களாம். நூற்றைம்பது அதிகாரிகளும் மேசை இழுப்பறையில் பிஸ்கட் வைத்துத் தின்றுகொண்டு நாட்டின் சமையலைக் கவனித்துக்கொண்டிருந்தார்கள்.

ஆறாம் மாடித் தேர்வறையில் தலைவர், செயலாளர், ஆய்வாளர் மூவரும் அமர்ந்திருந்தார்கள். தலைவர் உருண்டை முகம், வெள்ளை மீசை, கனிந்த குரல். தேர்வுக்கு முன் ஒரு சிறு உரை நிகழ்த்துவது அவர் வழக்கம்.

"அம்மா, பயப்படாதீங்க. நான் முப்பது வருஷமா இந்தத் துறையில இருக்கேன். ஒரு தடவைகூட அடுப்புப் பக்கம் போனதில்ல. போயிருந்தா, எனக்குன்னு ஒரு ருசி வந்திருக்கும். ருசி வந்துட்டா நடுநிலை போயிடும். முந்தியெல்லாம் இந்த நாட்டுல ஆளாளுக்கு இஷ்டத்துக்குச் சமைச்சுச் சாப்பிட்டுக்கிட்டு இருந்தாங்க. என்ன சாப்பிடுறோம்னே தெரியாது. நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லுவாங்க. அந்த இருட்டுலேர்ந்து ஜனங்கள வெளியே கொண்டுவந்தது இந்த வாரியம். இன்னைக்கு எவ்வளவோ பேர் சமைக்கறதயே நிறுத்திட்டாங்கன்னா, அது எங்க வெற்றி."

செயலாளர் கைதட்டினார். ஆய்வாளரும் தட்டினார். சூப்பக்காவும் எதற்கு வம்பு என்று தட்டி வைத்தாள்.

"முதல் தாள். வதக்குதல்."

"எண்ணெய் காஞ்சதும் வெங்காயத்தப் போட்டுப் பெரட்டணும் ஐயா. பச்ச வாசன போய், ஓரமெல்லாம் கண்ணாடி மாதிரி ஆகும். அப்ப போதும்."

"எத்தனை நிமிஷம்?"

"அது வெங்காயத்தப் பொறுத்தது."

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். தலைவர் வருத்தத்தோடு சொன்னார். "வெங்காயத்தப் பொறுத்ததுன்னா, அப்புறம் வாரியம் எதுக்கும்மா?"

அதற்கு அவளிடம் பதில் இருந்தது. தச்சரை நினைத்து அடக்கிக்கொண்டாள்.

இரண்டாம் தாளுக்கு, வெள்ளித்தட்டில் ஒரு கறுப்புத் திராட்சைக் கொத்து வந்தது. தலைவர் அதை முகத்தருகே கொண்டுபோய்க் கண்ணை மூடினார். "ஆகா. ஈரமான கல். பழைய குதிரைச் சேணம். மழை வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி, ஜன்னல் திறந்த ஒரு நூலகம். இந்தாங்க, உங்களுக்கு என்ன தெரியுதுன்னு சொல்லுங்க."

சூப்பக்கா மோந்து பார்த்தாள். ஒன்றும் தெரியவில்லை. வாயில் போட்டால் தெரியும் என்று ஒன்றைப் பறித்துக் கடித்தாள். பல் வழுக்கியது.

"ஐயா, இது பிளாஸ்டிக்."

செயலாளர் மெல்லத் தொண்டையைச் செருமினார். "சான்றுப்பொருள் அது. நிஜத் திராட்சை கொத்துக்குக் கொத்து வேற மாதிரி இருக்கு. தரப்படுத்த முடியல."

"பதினாலு வருஷமா இந்தக் கொத்ததான் மோந்துட்டு வர்றேன்," என்றார் தலைவர் பெருமையாக. "ஒரு நாளும் மாறினதில்ல."

மூன்றாம் தாள், சிறுகொதி, அதாவது மெல்லிய தீயில் கொதிப்பது. நிமிடத்துக்கு எத்தனை குமிழி?

சூப்பக்காவின் பொறுமை விளிம்பைத் தொட்டுவிட்டது. "குமிழிய எண்ணிக்கிட்டு நின்னா அடிப்பிடிச்சுடும் ஐயா. அடுப்பு ஒண்ணு கொடுங்க. வாயால சொல்லத் தெரியல, கையால காட்டிடறேன்."

"அடுப்பா?" தலைவர் நாற்காலியில் பின்னுக்குச் சாய்ந்தார். ஆனால் செயலாளர் அவர் காதருகே குனிந்தார். சிறுகொதிக்கான வரையறை ஏழு வருடமாக நிலுவையில் இருக்கிறது. தண்ணீரைக் கொதிக்க வைக்கத் தெரிந்த ஒருவர்கூட வாரியத்தில் இல்லாததே காரணம். இந்த அம்மாளை வைத்து அதை முடித்துவிட்டால் ஆண்டறிக்கையில் எழுத ஒரு சாதனை கிடைக்கும். தலைவர் மீசையைத் தடவினார். ஊர்வலமாகக் கீழ்த்தளத்துக்கு இறங்கினார்கள். சிவப்புக் கயிறு அவிழ்க்கப்பட்டது.

பாத்திரம் இருந்தது, அடுப்பு இருந்தது. வெறும் தண்ணீரை எதற்கு வீணாகக் கொதிக்கவிட வேண்டும் என்று சூப்பக்கா தன் பையைத் திறந்தாள். வெங்காயத்தை அளவுகோலுக்குச் சிக்காத வேகத்தில் அரிந்து தள்ளினாள். கடுகளவும் கருகாமல் வதக்கினாள். லீக்ஸ் போட்டாள், கேரட் போட்டாள், தண்ணீர் ஊற்றித் தீயைத் தணித்தாள். செயலாளர் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு குமிழிகளை எண்ண ஆரம்பித்தார். முப்பத்தாறு வரை எண்ணினார். பிறகு வாசனை எழும்பியது, எண்ணிக்கை தவறிவிட்டது.

கட்டடம் அந்த வாசனையைக் கண்டதில்லை. முதலில் கடலுப்புக்காரர்கள் இறங்கி வந்தார்கள். அவர்களுக்குப் பின்னாலேயே பாறையுப்புக்காரர்கள். "கொஞ்சம் உப்பு இருக்குமா?" என்று சூப்பக்கா பொதுவாகக் கேட்க, இரண்டு தரப்பும் ஆளுக்கொரு கிண்ணம் நீட்டியது. இரண்டிலிருந்தும் ஒரு சிட்டிகை எடுத்துப் போட்டாள். அலமாரிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்தவர்கள் பதினோரு வருடம் கழித்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

படிக்கட்டுக்காரர் வந்து தயங்கித் தயங்கித் தன் சட்டைப்பையிலிருந்து ஒரு தக்காளியை எடுத்தார். "இன்னைக்கு ஆய்வுக்குன்னு வாங்கினது. போடலாமா? ஆனா எந்தப் பிரிவுன்னு…"

"கொடுங்க ஐயா. உள்ள போனா கரைஞ்சுடும். யாரும் கேக்க மாட்டாங்க."

தலைவர் முதல் கிண்ணத்தைக் கடமைக்காகக் குடித்தார். இரண்டாவதை உறுதிப்படுத்திக்கொள்வதற்காகக் குடித்தார். மூன்றாவதற்குக் காரணம் சொல்லவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, "அம்மா, இதுவரைக்கும் நான் குடிச்சது எதுவும் சூப்பு இல்லன்னு இப்பதான் தெரியுது," என்றார். சூப்பக்காவுக்கு ஒரு கணம் அவர்மேல் இரக்கம்கூட வந்தது. பிஸ்கட் தின்றே காலத்தை ஓட்டிய மனிதர் என்று நினைத்துக்கொண்டாள்.

தேர்வு முடிவு மறுநாள் வந்தது. வதக்குதல், தோல்வி. சிறுகொதி, எண்ணிக்கை கிடைக்கவில்லை. திராட்சை, தோல்வி, சான்றுப்பொருளைக் கடித்ததற்குக் கண்டனம். ஆனால் அதோடு ஒரு தீர்மானமும் இணைக்கப்பட்டிருந்தது. 'சூப்பு என்பது மேற்படி அம்மாள் செய்வது. வரையறையாகவே ஆகிவிட்ட ஒருவர் தேர்வில் தேற வேண்டிய அவசியமில்லை.'

அடுப்பிலிருந்து அறிவிப்பைக் கிழித்தார்கள். அண்டா ஏறியது. அன்று மதியம் தச்சர் எழுந்து உட்கார்ந்து ஒரு கிண்ணத்தைக் காலி செய்தார். பென்சிலைத் தேடினார். பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டு, ஐம்பது நாளில் முதல்முறையாக, மரத்தை இழைக்கிற மாதிரி ஒரு குரலில் சொன்னார்.

"உப்பு கம்மி."

தலைமை நர்ஸ் அழுதுவிட்டாள். தன்னிடம் ஒழுங்காகச் சமையல் தெரிந்து குறை சொன்ன ஒரே ஆள் இந்தத் தச்சர்தான் என்று சூப்பக்காவுக்குத் தோன்றியது. இன்னும் ஒரு சிட்டிகை போட்டுக் கொடுத்தாள்.

கதை இங்கே முடிந்திருக்க வேண்டும். ஆனால் தீர்மானத்தை வாரியம் நாடு முழுக்க அமல்படுத்தத் தொடங்கிவிட்டது. சூப்பு என்பது மேற்படி அம்மாள் செய்வது என்றால், மற்றவர்கள் செய்வதெல்லாம் போலி. ஒரே வாரத்தில் ஓட்டல்களில், பள்ளிகளில், விடுதிகளில் அண்டாக்களுக்குச் சீல் விழுந்தது. வாரக் கடைசியில் சூப்பக்காவின் வீட்டுக் கதவைத் தட்டியவள் அவள் புருஷனுடைய பஸ் டிப்போவின் கேன்டீன்காரி.

"ஏன்க்கா, நீ மட்டும் நல்லா இருந்தா போதுமா? பதினஞ்சு வருஷமா சூப்பு ஊத்தறேன். நேத்து வந்து அது சூப்பே இல்லங்கறாங்க!"

"நான் என்ன பண்ணுவேன் சொல்லு? நானா எழுதச் சொன்னேன்?"

"டிப்போவுல இன்னைக்கு எல்லாருக்கும் பிஸ்கட்," என்றான் புருஷன் பக்கத்திலிருந்து. அவன் யார் கட்சி என்பது குரலிலேயே தெரிந்தது.

சூப்பக்காவுக்கு அன்று சோறு இறங்கவில்லை. ஊரில் எத்தனை பேர் வாயில் தன் பெயரால் மண் விழுகிறது என்று நினைத்து நினைத்துப் புழுங்கினாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் போனதும், அண்டாவை ஏற்றிவிட்டு ஸ்டோர் ரூமுக்குப் போய்த் திரும்புவதற்குள் ஆய்வாளர் வந்து நின்றிருந்தார். அடிப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று தலைமை நர்ஸ் கரண்டியைப் பிடித்துக் கிளறிக்கொண்டிருந்தாள்.

"மேற்படி அம்மாள் அல்லாத ஒருத்தர் கிளறியிருக்காங்க," என்றார் ஆய்வாளர். "அதனால இது சூப்பு இல்ல."

"அப்ப இது என்ன சார்?" என்றாள் சூப்பக்கா.

"அது வாரியத்தோட பொறுப்பு இல்ல. எது சூப்பு இல்லன்னுதான் நாங்க சொல்ல முடியும்."

சூப்பக்கா அண்டாவைப் பார்த்தாள். கேன்டீன்காரியின் முகம் நினைவுக்கு வந்தது. மெதுவாகக் கேட்டாள். "சார், உங்க புஸ்தகத்துல வெந்நீர் இருக்கா?"

ஆய்வாளர் தொகுப்பை மேடையில் வைத்துப் புரட்டினார். வெங்காயம் இருந்தது. வெண்ணெய் இருந்தது. வெந்தயம் இருந்தது. முன்னும் பின்னும் இரண்டு முறை பார்த்தார். "இல்ல."

"அப்ப இது வெந்நீர்."

"கேரட் மிதக்குதேம்மா?"

"விழுந்துடுச்சு."

"வெங்காயம்?"

"அதுவும்தான்."

"உப்பு?"

"கை தவறிடுச்சு சார். வயசாகுதுல்ல."

ஆய்வாளர் தொகுப்பை மூடினார். வெந்நீரைத் தடுக்க அவரிடம் ஒரு விதியும் இல்லை. சூப்பக்கா சாக்பீஸை எடுத்துப் பலகையில் 'சூப்பு' என்பதை அழித்து, 'வெந்நீர் – காய்கறி' என்று எழுதினாள். அன்று மதியமே கேன்டீன்காரிக்குச் சேதி போனது. புருஷனின் பஸ் எட்டுகிற தூரமெல்லாம் சேதியும் எட்டியது. இரண்டே நாளில் ஊரில் கோழி வெந்நீர், காளான் வெந்நீர், பருப்பு வெந்நீர் எல்லாம் கிடைத்தன. பெரிய ஓட்டல் ஒன்று கெட்டியான வெந்நீருக்குக் கூடுதலாக ஒரு கரண்டியும் கொடுத்தது.

வாரியம் அவசரமாகக் கூடியது. வெந்நீரை வரையறுக்க வேண்டுமானால் முதலில் நீரை வரையறுக்க வேண்டும், அதற்கு ஏழாவது மாடி கட்ட வேண்டும் என்று தலைவர் ஒரு நீண்ட உரையில் விளக்கினார். அஸ்திவாரம் தாங்குமா என்று பார்க்க ஒரு குழு போட்டார்கள்.

இதையெல்லாம் ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வந்த ஆய்வாளர், சொல்லி முடித்த பிறகும் கிளம்பவில்லை. கனத்த தொகுப்பை இறக்கி ஸ்டூலில் வைத்தார். தோளைத் தேய்த்துக்கொண்டார். வராந்தாவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

"உக்காருங்க சார்," என்றாள் சூப்பக்கா. "வெந்நீர் குடிக்கிறீங்களா?"

உட்கார்ந்தார். குடித்தார். கிண்ணத்தின் அடியில் தங்கிய கேரட்டைக் கரண்டியால் வழித்துத் தின்றார். பிறகு நோட்டுப் புத்தகத்தை எடுத்து அன்றைய அறிக்கையை எழுதினார்:

'ஆய்வு நடத்தப்பட்டது. சூப்பு எதுவும் காணப்படவில்லை. ஐயத்தை நீக்கிக்கொள்ள, இன்னொரு கிண்ணம் கோரப்பட்டுள்ளது.'